கீழ்த்தாடை முன்னால் நிற்கும் பிள்ளைக்கு: பிளேட்டா, ஃபேஸ்மாஸ்க்கா, 18 வயது வரை பொறுப்பதா?

பெரியவளுக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைத்தபோதுதான் கவனித்தேன். வாயை மூடினால் மேல்வரிசை கீழ்வரிசைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது. எங்கள் தர்மபுரி மாவட்டப் பாலக்கோட்டில் அவள் வயதுப் பிள்ளைகள் முன்பல்லால் கரும்புத் தோலை உரித்து இழுக்கும், இவள் மட்டும் கடைவாயில் வைத்து மல்லுக்கட்டுவாள். 'அவங்க அப்பன் ஜாடை, விடு' என்றார் அத்தை. ஜாடை என்பது உண்மைதான், இது பரம்பரையாக வருகிற சமாச்சாரம். வீட்டுக்காரருக்கும் அதே தாடை, அவர் தாடி வைத்துச் சமாளித்துவிட்டார். மகள் என்ன செய்வாள்?

மூன்று டாக்டர்களைப் பார்த்தோம், மூன்று பதில் வந்தது. ஒருவர் எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், 13 வயதில் கிளிப் போடலாம் என்றார். இன்னொருவர் கழற்றி மாட்டுகிற பிளேட் போதும் என்றார். சேலத்தில் பார்த்த பல் சீரமைப்பு டாக்டர்தான் முதலில் அவளை நாற்காலியில் சாய்த்து, நாக்கை மடித்து மேலண்ணத்தைத் தொடச் சொல்லி, அப்படியே மெதுவாக வாயை மூட வைத்துப் பார்த்தார். சில பிள்ளைகளுக்கு அப்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி முட்டும், முட்டிய பிறகு கடிக்க வசதியில்லாமல் தாடையை முன்னால் நகர்த்திக்கொள்ளும். அவர்களுக்குக் கோளாறு பெரும்பாலும் பல்லின் சாய்வில். எவ்வளவு பின்னால் கொண்டுபோனாலும் முட்டாவிட்டால் எலும்பிலேயே வித்தியாசம் இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். என் மகளுக்கு முட்டவில்லை. பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்ததில் இன்னொன்றும் தெரிந்தது: கீழ்த்தாடை முன்னால் வந்ததைவிட மேல்தாடை பின்தங்கியதுதான் அதிகம். இத்தனை நாள் நாங்கள் தப்பான தாடையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்! அவர் சொன்ன பதில், மேல்தாடையை முன்னால் இழுக்க முகத்துக்கு வெளியே மாட்டுகிற ஃபேஸ்மாஸ்க்.

இந்த ஒரு சோதனை தெரிந்த பிறகு பிளேட்டையும் மாஸ்க்கையும் ஒரே தராசில் வைப்பதே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பிளேட் என்பது அண்ணத்தில் உட்காரும் அக்ரிலிக் தகடு, அதில் ஒரு சின்னக் கம்பிச் சுருள் மேல் முன்பல்லைப் பின்னாலிருந்து தள்ளும். பல் மட்டும் உள்ளே சாய்ந்திருந்தால் பெரும்பாலும் சில மாதத்தில் வேலை முடிந்துவிடும், செலவு குறைவு, ஸ்கூலில் யாருக்கும் தெரியாது. ஆனால் எலும்பை அது நகர்த்தாது. எலும்பு பின்தங்கிய பிள்ளைக்கு இதைப் போட்டால் பல் வெளியே சாயும், தாடை இருந்த இடத்திலேயே இருக்கும். சிலர் ஐஸ் குச்சியைக் கடிக்கச் சொல்வார்கள், அது ஒரே ஒரு மேல்பல் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் முளைக்கிற நேரத்துக்கு மட்டும்தான், அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்னால்.

ஃபேஸ்மாஸ்க் பார்க்கவே பயமாக இருக்கும். நெற்றியில் ஒரு பட்டை, தாடையில் ஒரு கிண்ணம், நடுவே கம்பி. வாய்க்குள் மாட்டிய கருவியின் கொக்கியிலிருந்து அந்தக் கம்பிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு 300 முதல் 500 கிராம் இழுவை, தினமும் 12 முதல் 14 மணி நேரம், ஏறக்குறைய ஒரு வருஷம். மேல்தாடையை மண்டையோட்டோடு சேர்க்கும் தையல் போன்ற எலும்பு இணைப்புகள் இளசாக இருக்கும்போதுதான் இந்த இழுவைக்கு அது முன்னால் வரும், அதனால் 7, 8 வயது நல்ல காலம், 10 தாண்டினால் பலன் குறைகிறது. அவளுக்கு மேல்தாடை குறுகலாகவும் இருந்ததால் முதலில் அண்ணத்தை அகலப்படுத்தும் எக்ஸ்பாண்டர் வைத்தார்கள். ஊசி போன்ற சாவியால் ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர் அகலும். கை நழுவினால் பிள்ளை விழுங்கிவிடக் கூடாதே என்று சாவியில் நூல் கட்டிக் கொடுத்தார்கள், அந்த நூலை என் விரலில் சுற்றிக்கொண்டுதான் திருப்புவேன். பத்து நாளில் முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது. அத்தை பதறிப்போனார். அது எலும்பு அகன்றதற்கு அடையாளம், பிறகு தானாகவே மூடிக்கொண்டது.

மாஸ்க்கின் உண்மையான எதிரி வெயில். சித்திரையில் தாடைக் கிண்ணத்துக்குள் வேர்த்து வேர்க்குரு வந்துவிட்டது. பஞ்சுத்துணி வைத்து ஒப்பேற்றினோம். ஸ்கூலுக்குப் போடத் தேவையில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு மாட்டினால் காலை ஏழு வரை கணக்கு சரியாகிவிடும், ஆனால் அந்த ஆறு மணிக்கு வீட்டில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். இரண்டு பேரும் ஷிப்ட் வேலைக்குப் போகிற வீட்டில் இதை எப்படிச் செய்வார்கள் என்று தெரியவில்லை. முகம் இயல்பிலேயே நீளமாக இருக்கிற பிள்ளைகளுக்கு டாக்டர்கள் யோசித்துத்தான் போடுவார்கள், இழுவையில் கீழ்த்தாடை கீழ்நோக்கிச் சுழன்று முகம் இன்னும் நீளும்.

தாடையை மட்டும் பின்னால் அழுத்துகிற சின்கப் என்று ஒன்று உண்டு. போட்டிருக்கும்வரை தாடை அடங்கினாலும் கழற்றிய பின் வளர்ச்சி ஈடுகட்டிக்கொள்கிறது என்று ஜப்பானில் நெடுநாள் கவனித்துச் சொல்லிவிட்டார்கள். அதற்காக ஒரு பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்.

பொறுத்திருப்பது? வளர்ச்சி நின்ற பிறகு, பெண் பிள்ளைக்கு 17 வாக்கில், ஆண் பிள்ளைக்கு அதற்கும் பிறகு, கிளிப்போடு சேர்த்துத் தாடை ஆபரேஷன். கீழ்த்தாடை ரொம்பவே நீண்ட குடும்பங்களுக்குக் கடைசியில் அதுதான் வழி, அதைக் கேவலமாக நினைக்க வேண்டியதில்லை. ஆனால் முழு மயக்கம், வாரக்கணக்கில் கஞ்சி, கீழுதடு மரத்துப்போகும் வாய்ப்பு எல்லாம் அதோடு வரும். மாஸ்க் போட்டால் ஆபரேஷனே வேண்டாம் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். பிரிட்டனில் 7 முதல் 9 வயதுவரை உள்ள 73 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்து 2016-ல் வெளியிட்ட முடிவில், 6 வருஷம் கழித்து மாஸ்க் போட்டவர்களில் 36 சதவீதம் பேருக்கும் போடாதவர்களில் 66 சதவீதம் பேருக்கும் ஆபரேஷன் தேவை என்று வந்தது. மூன்றில் ஒருவர் தப்பவில்லை. எனக்கு அந்த வித்தியாசமே போதுமானதாக இருந்தது, உங்களுக்கு இல்லாமலும் போகலாம்.

நம்ம ஊருக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் 2013-ல் வருவதற்கு முன் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்கள் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏராளம், இன்றும் சில வீடுகளில் போர்தான். அப்படிக் கறை படிந்த பல்லில் ஒட்டுகிற கிளிப் எளிதில் பெயர்ந்து வரும், முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் தூரம். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூர் பக்கம். எங்களுக்குச் சேலம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் அன்றைய அப்பாயின்ட்மென்ட் போச்சு.

சின்னவனுக்கு 4 வயது. பால்பல்லிலேயே கீழ்வரிசை முன்னால் நிற்கிறது. அவனுக்கு இப்போது ஒன்றும் வேண்டாம், 7 வயதுக்குள் கூட்டி வாருங்கள், அதுவரை பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள் என்று சேலம் டாக்டர் சொல்லியிருக்கிறார்.