"விவிடி கியர் போச்சு" என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்: சேலத்தில் எனக்கு நடந்தது

சேலத்தில் சின்ன பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்காக, அதிலும் ஏற்காடு மலை ஏறி இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைபாஸ் பக்கம் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் என்னிடம் 34,600 ரூபாய் வாங்கினார்கள். டைமிங் செயின் செட், விவிடி கியர் (எஞ்சின் வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் பாகம்), லேபர் என்று பில்லில் தெளிவாக அடித்திருக்கிறது. எஞ்சினில் அந்தச் செயினை மூடியிருக்கும் கவரின் ஒரு போல்ட்டைக்கூட அவர்கள் கழற்றவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அவர்கள் என்னிடம் பேசிய பேச்சை எந்த ஒர்க்‌ஷாப்பிலும் யாரிடமும் பேசலாம் என்பதால் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

நான் ஏற்காட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீடு அஸ்தம்பட்டி. தினமும் மலை ஏறும் 1.2 லிட்டர் வண்டி. அடிவாரம் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள் 20. வளைவில் இரண்டாம் கியருக்கு இறக்கி, திரும்பியதும் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி கிளம்பி மேலே போக வேண்டும். திடீரென்று அந்த இழுவை நின்றுபோனது. மிதித்தால் சத்தம் வருகிறது, இழுவை வரவில்லை. ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், நன்றாக ஏறிய பிறகுதான் வண்டி முழித்துக்கொண்டு ஓடுகிறது. பின்னால் பஸ் ஒட்டிக்கொண்டு வரும்போது வளைவின் நடுவில் இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இத்தனைக்கும் ஐந்து ரோடு சிக்னலில் நின்றால் ஐடிலிங் சீராக இருந்தது. ஓமலூர் ரோட்டில் வேகமாகப் போனாலும் குறை தெரியவில்லை. கொஞ்ச நாளில் செக் எஞ்சின் லைட்டும் வந்துவிட்டது.

முன்பு இரண்டு ஆயில் சர்வீஸ் செய்த அதே ஒர்க்‌ஷாப்புக்குத்தான் கொண்டுபோனேன். அட்வைசர் முதலில் சொன்னது: "மலைன்னா காத்து கம்மிங்க மேடம், வண்டி அப்படித்தான் இழுக்கும்." உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், எஞ்சினின் சக்தியும் குறையும் என்பது உண்மைதான். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டருக்குப் பக்கத்தில். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்த ஏற்றத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே சக்தி குறையலாம். ஆனால் என் வண்டி முதல் வளைவிலேயே திணறியது. அங்கே காற்று சேலத்துக் காற்றுதான்.

அதைச் சொன்னதும் ஸ்கேனர் மாட்டினார்கள். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வந்தது. "விவிடி கியர் போயிடுச்சுங்க. செயின் கிட்டோட மாத்தணும், ஹெட்டை இறக்கணும். இப்படியே ஓட்டினா வால்வு பிஸ்டன்ல அடிச்சு எஞ்சினே போயிடும்." ஸ்கேனர் காட்டிய குறைக்கான கோடு நம்பர் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க, வீட்ல சாரை வரச் சொல்லுங்க" என்றார். எனக்கு இன்றுவரை ஆறாத இடம் இதுதான். வண்டி என் பெயரில், பணம் என்னுடையது, கேட்டது ஐந்து எழுத்து. அதைச் சொல்லியிருந்தால் மிச்சத்தை நானே தேடிப் படித்திருப்பேன்.

வண்டி திரும்பி வந்தபோது லைட் அணைந்திருந்தது. இழுவை பழையபடியே இருந்தது. போனில் கேட்டால், "புது செயின்ங்க, செட்டாக கொஞ்சம் ஓடணும்" என்றார்கள். டைமிங் செயின் ஓடி ஓடி செட்டாகும் பொருளே கிடையாது. அதே வாரத்தில் லைட் திரும்ப எரிந்தது.

இந்த விவிடி என்ன செய்கிறது என்று தெரிந்தால் அவர்கள் சொன்னதில் எது பொய் என்று உங்களுக்கே விளங்கும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், டைமிங் செயினால் அதோடு இணைந்த கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். கேம் தள்ளும்போது வால்வு திறக்கும். பழைய எஞ்சின்களில் இந்த நேரம் மாறவே மாறாது. மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் வால்வு ஒரே கோணத்தில் திறந்து ஒரே கோணத்தில் மூடும். எஞ்சினுக்கு அது போதாது. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வை பஸ் கதவாக நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் வேகமாக நெட்டித் தள்ளி ஏறும்போது கதவைச் சற்றுத் தாமதமாக மூடினால் இன்னும் நாலு பேர் உள்ளே வருவார்கள். கூட்டம் மெதுவாக ஏறும்போது தாமதித்தால் ஏறியவர்களே வெளியே வழிவார்கள். அதிக ஆர்பிஎம்மில் காற்று வேகத்தோடு உள்ளே வருகிறது, அதனால் பிஸ்டன் மேலே திரும்பத் தொடங்கிய பிறகும் வால்வு கொஞ்சம் திறந்திருந்தால் லாபம். நடுத்தர ஆர்பிஎம்மில், அதாவது நாம் மலை ஏறும் ஆர்பிஎம்மில், வால்வு சீக்கிரம் மூடினால்தான் இழுவை கிடைக்கும்.

கேமின் முனையில் இருக்கும் ஃபேஸர்தான் இந்த நேரத்தை மாற்றுகிறது. மெக்கானிக்குகள் விவிடி கியர் என்பது இதைத்தான். வெளிப்பக்கம் செயின் ஓடும் பல்சக்கரம். உள்ளே கேமோடு சேர்ந்த இறக்கைகள். இறக்கைகளுக்கு இருபுறமும் சின்னச் சின்ன அறைகள். ஒரு பக்க அறைக்குள் எஞ்சின் ஆயில் அழுத்தத்தோடு போனால் கேம் முன்னால் நகரும், மறுபக்கம் போனால் பின்னால் நகரும். எந்தப் பக்கம் எவ்வளவு ஆயில் போக வேண்டும் என்பதை ஆயில் கண்ட்ரோல் வால்வு பார்த்துக்கொள்கிறது. ஓசிவி என்றும் விவிடி சோலினாய்டு என்றும் சொல்வார்கள். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வதை வைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் அந்த வால்வை விநாடிக்குப் பல தடவை திறந்து மூடுகிறது. வேலை செய்வது முழுக்க எஞ்சின் ஆயில். தனி மோட்டார் எதுவும் கிடையாது, பெரும்பாலான சின்னக் கார்களில் இப்படித்தான். மாருதி கே12 எஞ்சினில் விவிடி, ஹூண்டாய் கப்பாவில் விடிவிடி, டொயோட்டாவில் விவிடி-ஐ என்று பெயர்தான் மாறும். ஹோண்டா 1989இல் கொண்டுவந்த விடெக் கொஞ்சம் வேறு: அது கேமின் மேட்டையே மாற்றி வால்வு எவ்வளவு திறக்கிறது என்பதையும் மாற்றும். அதற்கும் ஆயில் அழுத்தம்தான்.

ஆயில் வராவிட்டால் என்ன ஆகும்? இன்டேக் ஃபேஸர் தாமத முனையில் போய், அங்கே ஒரு பின் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஐடிலிங்குக்கு வேண்டிய நிலை அதுதான், அதனால் ஐடிலிங் சீராக இருக்கும். மேல் ஆர்பிஎம்முக்கும் தாமதம் ஒத்துப்போகும். நடுவில் மட்டும் இழுவை போய்விடும். என் வண்டி செய்தது அப்படியே இதைத்தான். வால்வு பிஸ்டனில் அடிக்கும் என்ற மிரட்டலும் இங்கே பொருந்தாது, ஏனென்றால் ஃபேஸர் நகரும் தூரத்துக்கு இரு பக்கமும் இரும்பிலேயே எல்லை வைத்திருக்கிறார்கள். செயின் பல் தாண்டினால் அந்த ஆபத்து உண்டு. அப்படி ஆகியிருந்தால் ஐடிலிங்கே கெட்டிருக்கும்.

சூரமங்கலம் பக்கம் தனியாக ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் சக ஆசிரியர் ஒருவர் அனுப்பினார். அவர் பானெட்டைத் திறந்ததும் ஸ்கேனரைக்கூட எடுக்கவில்லை, டார்ச் அடித்தார். "டீச்சர், இங்க பாருங்க. செயின் மாத்தணும்னா இந்த முன்பக்கக் கவரைக் கழட்டாம முடியாது. கழட்டினா பழைய சீலன்டைச் சுரண்டிட்டு புதுசு வெக்கணும். இது கம்பெனி வெச்ச சீலன்ட், அப்படியே இருக்கு." போல்ட் தலைகளில் வருடக் கணக்கில் ஏறிய புழுதி அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட தடம் ஒன்றிலும் இல்லை. செயின் மாற்ற ஹெட்டை இறக்க வேண்டிய அவசியமே இந்த எஞ்சினில் கிடையாது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஸ்கேனர் மாட்டினார். கோடு பி0012. இன்டேக் கேம் வேண்டிய அளவுக்கு முன்னால் நகராமல் தாமதத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். பி0011 என்றால் இதற்கு நேர் எதிர். பி0010 என்றால் வயரிங் அல்லது சோலினாய்டின் மின்சுற்று. பி0016 வந்தால் கேமும் கிராங்கும் பொருந்தவில்லை, அப்போது செயின் மேல் சந்தேகப்படலாம். லைவ் டேட்டாவில் கம்ப்யூட்டர் கேட்கும் கோணமும் கேம் இருக்கும் கோணமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. ஆக்சிலேட்டரை மிதித்தபோது கேட்பது ஏறியது, இருப்பது பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை.

அடுத்து அவர் செய்ததை யாரும் செய்யச் சொல்லிக் கேட்கலாம். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது ஓசிவியின் கனெக்டரைக் கழற்றி, நேரடியாக 12 வோல்ட் கொடுத்தார். எல்லாம் நன்றாக இருந்தால் கேம் முழுக்க முன்னால் போய் எஞ்சின் குலுங்க வேண்டும், அணைந்துகூடப் போகலாம். என் எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தது. ஓசிவியை வெளியே எடுக்க ஒரே ஒரு போல்ட். உள்ளே இருந்த மெல்லிய சல்லடை கருப்புப் பிசினால் அடைத்திருந்தது. அதைச் சுத்தம் செய்து, புது ஓ-ரிங் போட்டு மாட்டி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மறுபடி 12 வோல்ட் கொடுத்ததும் எஞ்சின் குலுங்கி அணைந்தது. கெட்டுப்போனதாகப் பில் போட்ட விவிடி கியர் நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆயிலோடு சேர்த்து அவர் வாங்கியது 3,200 ரூபாய். வண்டி இப்போது வளைவில் மிதித்தவுடன் கிளம்புகிறது.

ஆனால் பெரிய விஷயம் கழற்றிய ஃபில்டரில் இருந்தது. அதன் மேல் மார்க்கர் பேனாவில், மாட்டியபோது மீட்டரில் இருந்த கிலோமீட்டர், 41,200 என்று எழுதியிருந்தது. அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போவதற்கு முன்னால் வேறொரு மெக்கானிக் எழுதிய எண் அது. இப்போது மீட்டரில் 63 ஆயிரத்துக்கு மேல். நடுவில் இவர்கள் இரண்டு சர்வீஸில், இரண்டு பில்லிலும், ஆயில் ஃபில்டருக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். ஃபில்டர் அடைத்துப்போனால் எஞ்சின் ஆயில் இல்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காக அதில் பைபாஸ் வால்வு ஒன்று வைத்திருப்பார்கள். அது திறந்தால் வடிகட்டாத அழுக்கு ஆயில் நேராக எஞ்சினுக்குள் போகும், முதலில் சிக்குவது ஓசிவியின் சல்லடைதான். அவர்கள் மாற்றாமல் விட்ட ஃபில்டரால் வந்த கோளாறுக்கு, அவர்களே நடக்காத வேலைக்கு 34,600 ரூபாய் பில் போட்டார்கள். கோபம் வராமல் எப்படி இருக்கும்?

லைட் எப்படி அணைந்தது என்று கேட்பீர்கள். ஸ்கேனரில் கோடை அழித்தால் லைட் அணையும். பல வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே குறை தெரிந்தால்தான் திரும்ப எரியும். அந்த இடைவெளிதான் அவர்களுக்கு வேண்டியது. கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல ஸ்கேனர்கள் காட்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள்.

விவிடி என்று யாராவது ஆரம்பித்தால் கோடு நம்பரைப் பேப்பரில் எழுதி வாங்குங்கள். லைவ் டேட்டாவை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். ஓசிவியைக் கழற்றிப் பார்க்காமல் ஃபேஸருக்கும் செயினுக்கும் போகவே கூடாது, அப்படிப் போனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மாற்றியதாகச் சொல்லும் பழைய பாகத்தை வேலை தொடங்கும் முன்பே கேட்டு வையுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். ஆயிலை உங்கள் முன்னால் சீல் உடைத்து ஊற்றச் சொல்லுங்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 அல்லது 0டபிள்யூ-20 என்று மெல்லிய ஆயில் போட்டிருக்கும் எஞ்சினில் பேரலிலிருந்து 20டபிள்யூ-40 பிடித்து ஊற்றினால், மார்கழிக் காலையில் ஏற்காட்டில் ஸ்டார்ட் செய்யும்போது அந்தக் கெட்டி ஆயில் ஃபேஸரின் சின்ன வழிகளில் போய்ச் சேரவே நேரமாகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம் வந்து நின்றுவிட்டால் மட்டும் ஃபேஸரின் பூட்டுப் பின் தேய்ந்திருக்கலாம், அப்போது கியர் மாற்றச் சொல்வதில் நியாயம் உண்டு.

புகார் விவரம்: முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நடந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பில், பணம் அனுப்பிய விவரம், வீடியோ, ஃபில்டரின் படம், சூரமங்கலம் அண்ணன் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்திருக்கிறேன். எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பதைப் புகாரில் எழுதவில்லை. கையில் சாட்சி இருக்கும் செயினையும் ஃபில்டரையும் மட்டும் எழுதினேன். நோட்டீஸ் போனதும் 15,000 ரூபாயும் ஒரு இலவச சர்வீஸும் தருவதாக ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆள் வந்தார். முழுத் தொகையும், செயின் மாற்றவில்லை என்று எழுத்தில் ஒப்புதலும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.