மெடிகேரில் கவுன்சலிங் போகும் அப்பா, அம்மா உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் பெற்றோரை உடன் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் பகுதியில் உள்ள ஒரு கவுன்சலிங் சென்டர், என் அப்பா பெயரில் நடக்காத அமர்வுகளுக்கு மெடிகேரிடம் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) பணம் வாங்கியிருக்கிறது. நடந்த அமர்வுகளுக்கு எங்கள் கார்டிலிருந்து வாங்கக் கூடாத பணத்தையும் எடுத்திருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் சென்டரின் பெயரைப் போடவில்லை.

அம்மா 2024 ஆகஸ்டில் காலமானார். அதன்பின் அப்பா ராத்திரி தூங்குவதே இல்லை. கூடத்தில் டிவி ஓடும், அவர் அதைப் பார்க்க மாட்டார். சாப்பாடு பாதியாகிவிட்டது. குடும்ப டாக்டர் வருடாந்திரப் பரிசோதனையில் மனச்சோர்வுக்கான கேள்விகளைக் கேட்டுவிட்டு, பேசுவதற்கு ஒருவரிடம் அனுப்பச் சொன்னார். (அந்தக் கேள்வித்தாள் சோதனையை வருடத்துக்கு ஒரு முறை மெடிகேர் இலவசமாகவே தருகிறது. கேட்டு வாங்குங்கள்.) "துக்கத்தை இங்கிலீஷ்ல எப்படிம்மா சொல்றது?" என்றார் அப்பா. அதனால் தமிழ் பேசும் கவுன்சலரைத் தேடினோம்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. முன்பெல்லாம் மெடிகேரில் மனநலச் சிகிச்சை என்றால் மனநல மருத்துவர், சைக்காலஜிஸ்ட், கிளினிக்கல் சோஷியல் வொர்க்கர், நர்ஸ் பிராக்டிஷனர் போன்றவர்களிடம்தான் போக முடியும். லைசென்ஸ் பெற்ற கவுன்சலர்களும் குடும்ப சிகிச்சையாளர்களும் மெடிகேருக்கு பில் அனுப்பவே முடியாது. 2022 டிசம்பர் கடைசியில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றியது. 2024 ஜனவரி 1 முதல் அவர்களும் மெடிகேரில் பதிவு செய்துகொண்டு பில் அனுப்பலாம். இது நல்ல சட்டம். நம் ஊர்க்காரர்களில் கவுன்சலராக இருப்பவர்களிடம் நம் பெற்றோர் போக இப்போதுதான் வழி திறந்திருக்கிறது. அப்படித் திறந்த வழியில் ஒருவர் இப்படிச் செய்ததில்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்பா கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் முடிந்தபின் பார்ட் பி (மெடிகேரில் டாக்டர், கவுன்சலர் போன்ற செலவுகளுக்கான பகுதி) எடுத்தவர். 2025-இல் அதற்கு மாதம் 185 டாலர் கட்டினோம். அந்த வருடத்தின் முதல் 257 டாலர் நம் கையிலிருந்து போக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அது கண் டாக்டரிடமே கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையில் 80 சதவீதம் அவர்கள் பங்கு, 20 சதவீதம் நம் பங்கு. சென்டரின் வரவேற்பில் "மெடிகேர் எடுத்துக்கொள்கிறோம்" என்றார்கள். பணம் எடுப்பதற்கு எங்கள் கார்டு விவரமும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஆரம்பத்தில் நன்றாகவே போனது, அதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த பெண் கவுன்சலர் அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிடுவார். புதன்கிழமை என்றால் அப்பா காலையிலேயே ஷேவ் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு தயாராக இருப்பார். பிறகு நேரில் வர வேண்டாம், போனில் பேசலாம் என்றார்கள். அந்தப் பேச்சும் வர வர சுருங்கியது. "நல்லா இருக்கீங்களா, தூக்கம் வருதா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டுட்டு வெச்சுடறாம்மா" என்பார் அப்பா.

இதற்கு நடுவே கார்டில் ஒவ்வொரு அமர்வுக்கும் 60 டாலர் போய்க்கொண்டிருந்தது. ஏன் என்று கேட்டேன். "சைக்காலஜிஸ்ட்டுக்குக் கொடுப்பதில் 75 சதவீதம்தான் கவுன்சலருக்கு மெடிகேர் தருகிறது. அதை ஈடுகட்ட நிர்வாகக் கட்டணம் வாங்குகிறோம்" என்றார்கள். 75 சதவீதம் என்பது உண்மைதான், சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் குறைவை நோயாளி தலையில் கட்ட முடியாது. மெடிகேரில் பதிவு செய்த கவுன்சலர், மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகையையே முழுத் தொகையாக ஏற்றுக்கொண்டாக வேண்டும். அந்தத் தொகைக்குள் அந்தச் சிகிச்சைக்காக நம்மிடம் வாங்கக் கூடியது, வருட ஆரம்பத்தில் நாமே கட்ட வேண்டிய தொகையும் 20 சதவீதமும் மட்டும்தான்.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தது தபாலில் வந்த மெடிகேர் சம்மரி நோட்டீஸ். 'இது பில் அல்ல' என்று அச்சிட்டு வருவதால் பல வீடுகளில் அது நேராகக் குப்பைக்குப் போகிறது. தயவுசெய்து அப்படிப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு தேதிக்கும் என்ன சேவை, சென்டர் எவ்வளவு கேட்டது, மெடிகேர் எவ்வளவு ஒப்புக்கொண்டது, எவ்வளவு கொடுத்தது என்று வரிசையாக இருக்கும். அதற்குப் பக்கத்துப் பத்தியில், உங்களிடம் அதிகபட்சம் எவ்வளவு வசூலிக்கலாம் என்றும் போட்டிருக்கும். அப்பாவுடையதில் அந்தப் பத்தியில் இருந்தது இருபத்துச் சொச்சம் டாலர். கார்டில் போனது 60.

அதே காகிதத்தில் இன்னொன்றும் இருந்தது. எல்லா அமர்வுக்கும் 90837 என்ற எண் போட்டிருந்தார்கள். அது ஒரு மணி நேர அமர்வுக்கான எண். குறைந்தது 53 நிமிடம் பேசியிருந்தால்தான் அதைப் போடலாம். 38 முதல் 52 நிமிடம் என்றால் 90834, 16 முதல் 37 நிமிடம் என்றால் 90832. அப்பாவின் போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தோம். 18 நிமிடம், 21 நிமிடம், ஒரு நாள் 11 நிமிடம். அந்த 11 நிமிடத்துக்கு மெடிகேரிடம் எந்தச் சிகிச்சை எண்ணும் போடவே முடியாது.

பிறகு தேதிகளைப் பார்த்தேன். அம்மாவின் முதல் வருடத் திவசத்துக்காக 2025 ஆகஸ்டில் அப்பாவைக் கும்பகோணம் அழைத்துப் போயிருந்தோம். காவிரிக் கரையில் அப்பா பிண்டம் வைத்த அதே வாரத்துப் புதன்கிழமைக்கும், அடுத்த புதன்கிழமைக்கும் நியூ ஜெர்சியில் ஒரு மணி நேரம் சிகிச்சை நடந்ததாக பில் போயிருக்கிறது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் சென்னை விமான நிலைய முத்திரை இருக்கிறது.

கேட்டால், "வராமல் போன அமர்வுகளுக்கான கட்டணம் அது" என்றார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினோம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வராமல் போனதற்கான கட்டணத்தை, எல்லா நோயாளிகளிடமும் ஒரே மாதிரி வாங்குவதாக இருந்தால், நோயாளியிடம்தான் வாங்கலாம். மெடிகேருக்கு அதை அனுப்பவே கூடாது.

உடனே சிகிச்சைப் பதிவுகளை எழுத்து மூலம் கேட்டோம். கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம். முதலில் "மனநலக் குறிப்புகள் ரகசியம், தர முடியாது" என்றார்கள். இதையும் நம்பாதீர்கள். கவுன்சலர் தனக்காகத் தனியே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்புகளுக்கு மட்டும்தான் அந்தப் பாதுகாப்பு. அமர்வு எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, என்ன நோய் என்று குறித்தார்கள், என்ன சிகிச்சைத் திட்டம் என்பதெல்லாம் அந்தப் பாதுகாப்பில் வராது. அதைச் சொல்லி மறுபடி எழுதியபின் கொடுத்தார்கள்.

கொடுத்ததைப் படித்தபோது கை நடுங்கியது. பல தேதிகளுக்கு ஒரே பத்தி, எழுத்துப் பிழை உட்பட மாறாமல். அப்பா கும்பகோணத்தில் இருந்த நாளுக்கான குறிப்பில் "நோயாளி நேர்த்தியாக உடை அணிந்து வந்தார், கண்ணைப் பார்த்துப் பேசினார், மனைவியின் இழப்பைப் பற்றி மகளோடு பேசுவதில் முன்னேற்றம்" என்று இருக்கிறது. என் அம்மாவின் சாவை வைத்து வெட்டி ஒட்டி பில் போட்டிருக்கிறார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. "மெடிகேர் எடுப்பீர்களா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எங்கள் அப்பாவைப் பார்க்கப்போகும் கவுன்சலர், அவருடைய பெயரிலேயே மெடிகேரில் பதிவு செய்திருக்கிறாரா, இல்லை விலகியிருக்கிறாரா?" என்று கேளுங்கள். மெடிகேரிலிருந்து முறைப்படி விலகியவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே உங்களிடம் எழுத்து மூலம் தனி ஒப்பந்தம் போட வேண்டும். முழுச் செலவும் உங்களுடையது, மெடிகேர் ஒரு பைசா தராது என்று அதில் இருக்கும். அப்படி ஒரு தாளில் பெற்றோர் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடாதபடி கூடவே இருங்கள். "கவுன்சலருக்கு மெடிகேர் கிடையாது" என்று இன்னமும் யாராவது சொன்னால் அது 2023-ஓடு முடிந்த கதை.

அமர்வு நடந்த நாளும் நேரமும் காலண்டரில் குறித்து வையுங்கள். நோட்டீஸ் வந்ததும் ஒத்துப் பாருங்கள். மெடிகேர் தளத்தில் பெற்றோர் பெயரில் கணக்கு திறந்தால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். தனியார் காப்பீட்டு நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்த நோட்டீஸ் வராது, அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் விளக்க அறிக்கை வரும். அதைப் பாருங்கள்.

தேதி, நேரம், தொகை எதுவும் இடித்தால் முதலில் 1-800-633-4227. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். எங்களுக்கு அதிகம் உதவியது சீனியர் மெடிகேர் பேட்ரோல், மெடிகேர் மோசடியைக் கண்டுபிடித்துப் புகார் கொடுக்க உதவும் அமைப்பு. ஒவ்வொரு மாநிலத்திலும் இருக்கிறது, இலவசம், எந்தத் தாளை எப்படி அடுக்குவது என்பது வரை பொறுமையாகச் சொன்னார்கள். மோசடி என்று உறுதியாகத் தெரிந்தால் மத்திய சுகாதாரத் துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம், 1-800-447-8477. கவுன்சலரின் நடத்தை பற்றி மாநில லைசென்ஸ் வாரியத்துக்கும் எழுதலாம். "புகார் கொடுத்தா நம்ம மெடிகேரை எடுத்துடுவாங்களோ?" என்று அப்பா பயந்தார். உங்கள் வீட்டிலும் பயப்படுவார்கள். மோசடியைத் தெரிவித்ததற்காக யாருடைய மெடிகேரையும் எடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்.

கூடுதலாக வாங்கிய பணத்தைச் சென்டர் எங்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மெடிகேரிடம் வாங்கியதற்கு இன்னும் பதில் வரவில்லை. அப்பா இப்போது புதன்கிழமைகளில் எங்கும் போவதில்லை. வேறு யாரையாவது பார்க்கலாமா என்று கேட்டால் "வேண்டாம்மா, எதுக்கு" என்கிறார். ஆனாலும் விடப்போவதில்லை. மெடிகேரில் பதிவு செய்த, தமிழ் பேசும் சிகிச்சையாளர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். கவுன்சலர், சோஷியல் வொர்க்கர், சைக்காலஜிஸ்ட், யாராக இருந்தாலும் சரி. நியூ ஜெர்சியில் தொழில் செய்ய அனுமதி இருக்க வேண்டும். நேரில் பார்ப்பவராக இருந்தால் ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போகவும் தயார்.