டிராவல் டிரெய்லரில் தண்ணீர் ஒழுகினால் எங்கே தேடுவது: சில வருட அனுபவம்

நாங்கள் இருப்பது மிச்சிகனில். 26 அடி டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச்செல்லும், சமையலறையும் குளியலறையும் உள்ள சின்ன வீடு) ஒன்றைப் பழையதாக வாங்கிப் பல கோடைகளாக இழுத்துக்கொண்டு சுற்றுகிறோம். கூரை, டயர், பிரேக் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது நல்ல தண்ணீர் லைனைப் பற்றி மட்டும், ஏனென்றால் இந்த வண்டியில் நான் முட்டிபோட்டு டார்ச் அடித்துப் பார்த்ததில் பெரும்பகுதி அதுதான், சத்தமில்லாமல் தரைப் பலகையை அழுக வைப்பதும் அதுதான்.

முதலில் அமைப்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். டிரெய்லருக்குள் தண்ணீர் வர இரண்டு வழி. ஒன்று, கேம்ப்கிரவுண்ட் குழாயிலிருந்து ஹோஸ் போட்டு நேராக உள்ளே எடுப்பது. இதை சிட்டி வாட்டர் என்பார்கள். இன்னொன்று, வண்டிக்குள் இருக்கும் டேங்கில் நிரப்பி 12 வோல்ட் பம்ப் மூலம் எடுப்பது. நாங்கள் அதிகம் தங்கும் மாநிலப் பூங்காக்களில் தங்கும் இடத்துக்கு மின்சாரம் மட்டும் வரும், தண்ணீரைப் பொதுக் குழாயில் பிடித்து டேங்கில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அதனால் எங்களுக்குப் பம்ப்தான் உயிர். இரண்டு வழியும் ஒரே பெக்ஸ் (வளையக்கூடிய பிளாஸ்டிக்) குழாய்களில் போய்ச் சேர்கின்றன, ஆனால் ஒழுகும்போது எந்த வழியில் ஒழுகுகிறது என்பதுதான் பாதி விடை.

இதைத்தான் நான் எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஈரம் பார்த்தவுடன் ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். எப்போது ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள். பம்ப் ஓடினால் மட்டுமா, ஹோஸ் போட்டால் மட்டுமா, தண்ணீர் ஹீட்டர் சூடானால் மட்டுமா, ஓட்டிப்போய் நிறுத்திய பிறகு மட்டுமா, யாராவது குளித்த பிறகு மட்டுமா? குளித்த பிறகு மட்டும் என்றால் அது பெரும்பாலும் கழிவுநீர்க் குழாய் அல்லது ஷவர் ஓரத்து சிலிகான், நல்ல தண்ணீர் லைன் பக்கமே போக வேண்டாம். டேங்க் நிறைய இருக்கும்போது ஓட்டிப்போனால் மட்டும் என்றால் அது டேங்கின் காற்றுக் குழாய் வழியாகச் சிந்தும் தண்ணீராக இருக்கலாம், அது கசிவே இல்லை.

பம்பின் சத்தம் இருக்கிறதே, அதைவிட நல்ல கருவி வேறு இல்லை. இந்த வகைப் பம்புகள் குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் லைனில் அழுத்தம் ஏறியதும் தானாக நின்றுவிடும். பல மாடல்களில் நிற்கும் அளவு 55 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு). எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது, ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, பம்ப் திடீரென ஒரு நொடி 'டுர்' என்று ஓடி நின்றால் லைனில் எங்கோ அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் சொட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் உடனே பார்க்க வேண்டியது.

ஆனால் பம்ப் அப்படி ஓடியும் வண்டியில் எங்கேயும் ஈரமே இல்லை என்றால்? எங்களுக்கு ஒரு கோடை முழுக்க அப்படித்தான் இருந்தது. பம்புக்குள் ஒரு செக் வால்வ் உண்டு, தண்ணீர் திரும்பி டேங்குக்குள் போகாமல் தடுப்பது அதன் வேலை. அதில் சின்ன மண் துகள் மாட்டினாலும் தேய்ந்தாலும் தண்ணீர் பின்பக்கமாக டேங்குக்கே இறங்கும். வெளியே ஒரு சொட்டும் வராது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பம்பை அணைத்துவிட்டு ஹோஸைப் போட்டு சில மணி நேரம் விடுங்கள். டேங்க் அளவு தானாக ஏறினால், கடைசியில் வண்டிக்கு அடியில் நிரம்பி வழிந்தால், செக் வால்வ்தான். (சில வண்டிகளில் ஹோஸ் வழியே டேங்க் நிரப்பவும் தனி வால்வ் இருக்கும், அது சரியாக மூடியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) நான் பம்பின் தலைப்பகுதியை மட்டும் மாற்றினேன், அதன் பிறகு ராத்திரிச் சத்தம் நின்றது. பம்புக்கு முன்னால் இருக்கும் சின்ன வடிகட்டியைச் சீசனுக்குச் சீசன் கழுவி மாட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. ஹோஸ் மாட்டும் வெளிவாயிலும் ஒரு செக் வால்வ் இருக்கிறது. பம்ப் ஓடும்போது வண்டிக்கு வெளியே அந்த வாயில் வழியாகத் தண்ணீர் சொட்டினால் அந்த வால்வ் போய்விட்டது. மாற்றுவது சுலபம், நாலு ஸ்க்ரூவும் பின்னால் ஒரு நட்டும்தான். பயணத்தின் நடுவே இப்படி ஆனால் தோட்டத்து ஹோஸுக்குப் போடும் மூடி ஒன்றைத் திருகிவிட்டால் ஊர் திரும்பும் வரை தாங்கும்.

சரி, உண்மையிலேயே உள்ளே ஒழுகுகிறது, இப்போது எங்கே? ஓட்டு வீட்டில் ஓடு உடைந்தது ஓரிடம், சொட்டுவது வேறிடம் என்பது போலத்தான் இதிலும். எங்கள் வண்டியில் ஈரம் தெரிந்தது வாசற்படிக்குப் பக்கத்தில், கசிந்தது சமையல் சிங்குக்குப் பின்னால். வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், லினோலியத்துக்கு அடியில், சுவர் ஓரமாக, வயர் போகும் துளை வழியாக. அதற்குக் கீழே அடிப்பாகத்தை மூடி பிளாஸ்டிக் தட்டி வேறு, அதில் தண்ணீர் குளம்போலத் தேங்கி, வேறு ஏதோ ஒரு ஆணி ஓட்டை வழியாகச் சொட்டும். அதைப் பார்த்து டேங்க் உடைந்துவிட்டது என்று பயந்து டேங்கையே கழற்றியவர்கள் உண்டு.

நான் செய்வது இது. முழுவதையும் துடைத்து, மின்விசிறி வைத்து ஒரு நாள் காயவிடுவேன். அப்புறம் ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் டாய்லெட் பேப்பரை ஒரு சுற்றுச் சுற்றி வைப்பேன், சமையல் சிங்க், குளியலறை சிங்க், ஷவர் குழாயின் பின்புறம், டாய்லெட்டின் பின்புறம், பம்ப், ஹீட்டர் பின்பக்கம், வெளி ஷவர் பெட்டி எல்லாவற்றிலும். பம்பைப் போட்டு அரைமணி நேரம் விட்டுப் பார்த்தால் எந்தக் காகிதம் நனைந்திருக்கிறதோ அங்கேதான். விரலால் தொட்டுப் பார்த்தால் தெரியாத ஈரம்கூடக் காகிதத்தில் தெரிந்துவிடும். ஹீட்டர் மேல் சந்தேகம் என்றால் அதன் பின்னால் இருக்கும் பைபாஸ் வால்வுகளைத் திருப்பி ஹீட்டரை லைனிலிருந்து பிரியுங்கள், பம்ப் அமைதியாகிவிட்டால் ஹீட்டர் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

என் அனுபவத்தில் கசிவில் பெரும்பங்கு பிளாஸ்டிக் நட்டு இணைப்புகளில்தான். குழாய்க்கு அடியில் கையால் திருகும் அந்த நட்டுக்குள் கூம்பு வடிவ ரப்பர் வாஷர் இருக்கும். தண்ணீரை அடைப்பது அந்த வாஷர்தான், மரை இல்லை. அதனால் அங்கே டெஃப்லான் டேப் சுற்றுவதில் பயனில்லை. நெடுஞ்சாலை அதிர்வில் நட்டு மெல்லத் தளரும், கையால் இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும், தேவைப்பட்டால் இன்னும் ஒரு கால் சுற்று. ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தில் இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விடும், அந்த விரிசல் அன்று தெரியாது, அடுத்த பயணத்தில்தான் தெரியும். இறுக்கியும் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள், காசு ஒன்றும் பெரிதில்லை. பசை, எபாக்ஸி, சிலிகான் பூசி அழுத்தத்தில் இருக்கும் குழாயை நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நான் பார்த்தவரை அது எதுவும் நிலைக்கவில்லை.

பெக்ஸ் குழாய் நல்ல குழாய், அதில் எனக்குக் குறையே இல்லை. குழாய் அரிதாகவே கெடுகிறது, கெடுவது அதன் பிளாஸ்டிக் எல்போக்களும் (முழங்கை போல வளைந்த இணைப்புகள்), குழாயை இணைப்போடு இறுக்கிப் பிடிக்கும், ஒழுங்காக நசுக்கப்படாத வளையங்களும். நான் கசிந்த எல்போக்களைப் பித்தளைக்கு மாற்றினேன், அவை இன்றுவரை உலர்ந்தே இருக்கின்றன. செம்பு வளையம் போடும் கருவியை நுழைக்க அலமாரிக்குள் இடமிருக்காது, அங்கே எஃகு கிளாம்ப் போடும் ஒற்றைக் கைக் கருவி நன்றாக வேலை செய்கிறது. ஷார்க்பைட் போல அழுத்திச் செருகும் இணைப்பு ஒன்றிரண்டு வண்டியில் எப்போதும் வைத்திருக்கிறேன், குழாயை நேராக, பிசிறில்லாமல் வெட்டிச் செருகினால் கருவியே இல்லாமல் காட்டுக்குள்ளும் சரிசெய்யலாம்.

எங்கள் ஊரில் இன்னொரு எதிரி குளிர்காலம். அக்டோபர் கடைசிக்குள் லைனைக் காலி செய்தாக வேண்டும். அடியில் இருக்கும் இரண்டு வடிகால் மூடிகளையும் திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் வசந்தத்தில் வருந்துகிறார்கள், ஏனென்றால் பம்ப் தலையிலும் டாய்லெட் வால்விலும் வெளி ஷவரிலும் தண்ணீர் தங்கிவிடும். ஹீட்டரை பைபாஸில் போட்டு, பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸை (உறையாமல் காக்கும் திரவம்) பம்ப் வழியாக எல்லாக் குழாயிலும் வரும்வரை ஓட்ட வேண்டும், வெளி ஷவரையும் டாய்லெட்டையும் சேர்த்து. அது பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்கால். கார் ரேடியேட்டரில் ஊற்றுவது எத்திலீன் கிளைக்கால், விஷம், அதைக் குடிநீர் லைன் பக்கமே கொண்டுவரக் கூடாது. பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற உறைபனிச் சேதத்தை நாங்கள் வாங்கிய முதல் வசந்தத்திலேயே பார்த்தோம்: டாய்லெட்டின் பின்னால் இருக்கும் வால்வ் முடி அளவு பிளந்திருந்தது, மிதியை அழுத்தும்போதெல்லாம் தரையில் ஈரம்.

கசிவு போலத் தெரிந்தும் கசிவில்லாத ஒன்று, ஹீட்டரின் வெளிப்பக்கத்தில் சூடாகும்போது சொட்டும் ரிலீஃப் வால்வ். 150 பிஎஸ்ஐ அல்லது 210 ஃபாரன்ஹீட்டில் திறக்கும்படி அமைத்த பாதுகாப்பு வால்வ் அது. ஹீட்டர் தொட்டிக்குள் மேலே காற்று இடைவெளி கொஞ்சம் இருக்க வேண்டும், நாளடைவில் அது தண்ணீரில் கரைந்துபோனால் சூட்டில் விரியும் தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அங்கே சொட்டும். ஹீட்டரை அணைத்து நன்றாக ஆறவிட்டு, தண்ணீர் வரத்தை நிறுத்தி, உள்ளே ஒரு சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்து, அந்த வால்வின் கைப்பிடியைத் தூக்கித் தண்ணீர் நிற்கும்வரை விட்டால் இடைவெளி திரும்ப வந்துவிடும். அதற்கும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள். எக்காரணம் கொண்டும் அதை அடைத்துவிடாதீர்கள்.

ஹோஸ் போடும் இடங்களில் பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் நான் குழாயைத் திறப்பதே இல்லை. அளவுமானி உள்ள, திருகி மாற்றக்கூடிய பித்தளை ரெகுலேட்டரை 45 பிஎஸ்ஐயில் வைத்திருக்கிறேன், ஷவருக்கு அது தாராளம். தனியார் கேம்ப்கிரவுண்ட் ஒன்றில் குழாயடியில் அளந்தபோது 90ஐத் தாண்டிக் காட்டியது, பம்ப் தரும் அளவுக்குப் பழகிய இணைப்புகள் அதில் ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரமான தரையைக் காய வைப்பதில் அவசரப்படாதீர்கள். மேலே காய்ந்தது போல இருக்கும், ஈரமானியைக் குத்திப் பார்த்தால் உள்ளே இன்னும் இருக்கும். அடித்தட்டியில் ஒரு மூலையைக் கழற்றித் தேங்கியதை வடித்துவிட்டு, மின்விசிறியும் டீஹ்யூமிடிஃபையரும் வைத்து நாள்கணக்கில் விடுவதுதான் வழி. இப்போது சிங்குக்கு அடியிலும் பம்புக்குப் பக்கத்திலும் பேட்டரியில் ஓடும் சின்னத் தண்ணீர் அலாரம் வைத்திருக்கிறேன். வண்டியை விட்டு வெளியே போகும்போது பம்ப் சுவிட்சை அணைத்துவிடுகிறோம், ஹோஸ் போட்டிருந்தால் வெளிக் குழாயையும் மூடிவிடுகிறோம். பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது, கதவைப் பூட்டும் முன் யாராவது ஒருவர் 'பம்ப் ஆஃபா?' என்று கேட்காமல் இறங்குவதில்லை.