மிக்கி பேக்கரா, மிக் குட்ரிக்கா: ஜாஸ் கிட்டாருக்கு எந்தப் புத்தகம் முதலில்?

ஆசிரியர் இல்லாமல் ஜாஸ் கிட்டாரில் கற்பனையாக வாசிக்கப் பழக நினைப்பவர்களிடம் இரண்டு புத்தகங்களைத் தவறாமல் பரிந்துரைப்பார்கள். ஒன்று, மிக்கி பேக்கர் 1955-இல் எழுதிய 'கம்ப்ளீட் கோர்ஸ் இன் ஜாஸ் கிட்டார்'. மற்றது, பாஸ்டனில் பெர்க்லீ கல்லூரியில் கற்பித்த மிக் குட்ரிக்கின் 'தி அட்வான்சிங் கிட்டாரிஸ்ட்' (1987). இரண்டையும் வாங்கி, இரண்டோடும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதலில் பேக்கர்.

இரண்டுக்குமே ஸ்டாஃப் நொட்டேஷன், அதாவது ஐந்து கோடுகளில் ஸ்வரங்களை எழுதும் மேற்கத்திய முறை, படிக்கத் தெரிய வேண்டும். அதில் சலுகை இல்லை.

குட்ரிக் புத்தகம் அறிவாளியின் புத்தகம். எடுத்த எடுப்பில் ஒரே தந்தியில் மேலும் கீழும் போய் வாசிக்கச் சொல்கிறார். பின்னணியில் ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் சில ஸ்வரங்கள்) ஒலித்துக்கொண்டே இருக்க, அதன் மேல் ஒரு மோடை, அதாவது ஒரு ஸ்வர வரிசையை, விரித்துப் பார்க்க வேண்டும். சுருதியின் மேல் ராகம் பாடக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சொந்த வீடு. டோரியன் என்கிறார்; ஸ்வரங்களைப் பார்த்தால் கரகரப்பிரியா. மாலை முழுவதும் வாசிக்கலாம், சலிக்காது.

சிக்கல் அங்கேதான். ராகம் பாட்டு முடியும்வரை நின்ற இடத்தில் நிற்கும். ஜாஸ் பாட்டுகள் பெரும்பாலானவற்றில் ஓரிரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) ஒரு முறை கார்டு மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கடக்கத் தெரியாதவரைக்கும் நம் வாசிப்பு அழகான ஆலாபனையாக இருக்குமே தவிர ஜாஸாக இருக்காது. எனக்கு எந்தப் புத்தகம் முதலில் என்பதை முடிவு செய்தது இந்த ஒரே விஷயம்தான்.

பேக்கரின் முதல் பாடமே 26 கார்டு வடிவங்கள். மனப்பாடம் செய், பிறகு பேசலாம் என்கிற தோரணை. விளக்கம் மிகக் குறைவு. ஏன், எதற்கு என்று கேட்பவர்களுக்கு எரிச்சல் வரும். ஆனால் ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போய்ப் போய் விரல்களுக்கே ஒன்று பிடிபடுகிறது. ஒவ்வொரு கார்டையும் மூன்றே தந்திகளில் சுருக்கி வாசித்துப் பாருங்கள்; அடி ஸ்வரம் போக மீதி இரண்டைக் கவனியுங்கள். டி மைனர் 7 என்ற கார்டில் நான்காம் தந்தி மூன்றாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிட்டார் கழுத்தின் கட்டம்) எஃப் ஸ்வரம், மூன்றாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்டில் சி. அடுத்த கார்டு ஜி 7 வரும்போது எஃப் அசைவதில்லை. சி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஆகிறது. அடுத்து சி மேஜர் 7: இப்போது பி அப்படியே நிற்கிறது, எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ ஆகிறது. இந்த இரண்டு இறக்கங்களையும் குறிவைத்து ஒற்றை ஸ்வரங்களாக வாசித்தால், பின்னணியே இல்லாமல் கார்டு மாறுவது காதில் விழும். புத்தகத்தின் பிற்பகுதியில் தனி வாசிப்புப் பாடங்கள் வரும்போது, அந்த வரிகள் எந்தக் கார்டு வடிவத்திலிருந்து முளைத்தன என்று கண்ணுக்குத் தெரிகிறது.

குறையும் உண்டு. 1955-இன் சுவை அதில் தூக்கலாகவே இருக்கிறது. ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வாட்' 1959-இல் வந்தது: டி டோரியனில் 16 பார், அரை ஸ்வரம் ஏறி 8 பார், மறுபடி கீழே 8 பார். அந்த மாதிரிப் பாட்டுக்கு பேக்கரிடம் விடை இல்லை. குட்ரிக்கிடம் ஏராளமாக இருக்கிறது. அவருடைய கார்டு நகர்வுப் பயிற்சிகளை நான் முழுதாகச் செய்து பார்க்கவில்லை என்பதால், அந்தப் பக்கங்களைப் பற்றிய தீர்ப்பை என்னிடம் கேட்காதீர்கள். ராகமே கேட்டிராமல், பியானோ பின்னணியோடு வருபவருக்கு என் வரிசை தலைகீழாகவும் பொருந்தலாம்.

சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் வாசிப்புகளைத் தொகுத்த 'ஆம்னிபுக்'கை மூன்றாவதாகச் சிலர் சொல்வார்கள். அற்புதமான தொகுப்புதான். ஆனால் சாக்ஸபோனுக்கானது, எந்த விரல், எந்தத் தந்தி என்பதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பேக்கரின் 26 வடிவங்களும் கைக்குள் வந்த பிறகு அதைத் திறப்பது நல்லது.