புகைமூட்டத்தில் தரையிறங்க: முன்சிதறல் கருவியா, லைடாரா?

சுமத்ரா புகைமூட்டம் பினாங்கை மூடும் நாட்களில், அங்குள்ள பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் இறங்கும் விமானிக்கு ஓடுதளம் தெரிய வேண்டும். ஓடுதளத்தின் ஓரத்தில் வைக்கும் முன்சிதறல் கருவி, கொஞ்சம் காற்றில் ஒளி சிதறும் அளவைப் பார்த்துப் பார்வைத்தூரம் சொல்லும். பராமரிப்பு சுலபம். ஆனால் அது தரைமட்ட நிலவரம்தான். விமானியோ சுமார் 3 பாகைச் சரிவில் இறங்கியபடி சாய்வாகப் பார்க்கிறார். புகை மேலே அடுக்காக நின்றால் கருவிக்குத் தெரியாது.

லைடார் அந்தச் சரிவிலேயே லேசர் துடிப்புகளை அனுப்பும். ஒளி திரும்பும் நேரத்தையும் வலுவையும் வைத்து, எவ்வளவு தூரத்தில் புகை அடர்த்தி என்று பிரித்துக் காட்டும். சிக்கலும் உண்டு. புகைத்துகளும் மூடுபனித் துளியும் ஒளியைத் திருப்பும் விதம் வேறு, அதனால் கணக்கு பிசகலாம். அடைமழையில் கதிரும் சீக்கிரம் வலுவிழக்கும்.

என்னைக் கேட்டால், முன்சிதறல் கருவி அப்படியே இருக்கட்டும். அதோடு லைடாரும் கட்டாயம் வேண்டும்.