கொக்குவில் ஏசி பெடியள்: எங்கட புடவைக்கடை ஏசி திருத்தின கதை

எங்கட கடை யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டில இருந்து நடந்து வாற தூரம். மேல்மாடிதான் கூறைப் பகுதி (கலியாணப் பட்டுச்சீலை), அங்க சீலிங்ல ரெண்டு கசெட் ஏசி, பின்பக்க ஒழுங்கையில ரெண்டு அவுட்டோர், மூண்டு பேஸ் கரண்ட். கூறை எடுக்க வாற குடும்பமெண்டா பத்துப் பேர் வருவினம், ரெண்டு மூண்டு மணித்தியாலம் இருந்து ஒவ்வொண்டா விரிச்சுப் பாத்துத்தான் எடுப்பினம், ஏசி நிண்டுட்டுதெண்டா சின்னனுகள் சிணுங்க அம்மம்மாமார் சீலைத் தலைப்பால விசுற "பிறகு வாறம் பிள்ளை" எண்டு எழும்பிப் போயிடுவினம். அப்பிடி ரெண்டு குடும்பம் எழும்பிப் போனதுக்குப் பிறகுதான் இந்தப் பெடியளைக் கூப்பிட்டனான்.

பழுது தொடங்கினது போன வைகாசி. காலமை நல்லா ஓடும், மத்தியானம் 12 மணி தாண்ட ஒரு ஏசி நிண்டுடும், றிமோட்டில ஈ3 எண்டு வரும், பின்னேரம் போட்டா திருப்பி ஓடும். முதல்ல வழமையா வாற கொம்பனிக்குத்தான் அடிச்சன். வந்தவை குளிர் காணாது எண்டு காஸ் அடிச்சிட்டுப் போச்சினம். அடுத்த கிழமை 11 மணிக்கே நிக்கத் தொடங்கிட்டுது. திருப்பி வந்து இன்னும் கொஞ்சம் காஸ். மூண்டாந்தரம் வந்து கொம்பிரசர் முடிஞ்சுது, மாத்தத்தான் வேணும் எண்டு சொல்லிச்சினம். மூண்டு தரமும் ஒரு மீற்றரை வச்சு அளந்ததை நான் காணேல்லை. எனக்குக் கோவம் அதிலதான்.

கொக்குவில் பெடியள் ரெண்டு பேர், அண்ணன் தம்பி, சொந்தமா செய்யினம். போனில கதைச்ச மூத்தவர் வாறன் எண்டு சொல்ல முதலே கேள்விதான் கேட்டவர். என்ன கோட் அக்கா, எத்தனை மணிக்கு வருது, ரெண்டு மெஷினுமோ ஒண்டோ, அவுட்டோருக்குப் பக்கத்தில புதுசா ஏதும் கட்டினவையோ. கடைசிக் கேள்விக்கு நான் யோசிச்சுப் பாத்தா, ஓம், சித்திரையில பக்கத்து வளவுக்காரர் மழைத் தண்ணி வடிய ஒழுங்கைக்கு மேல தகரம் இறக்கினவை!

வந்து பாத்திட்டு அவர் விளங்கப்படுத்தினது இதுதான். எங்கட மெஷின்ல ஈ3 எண்டா ஹை பிரஷர், காஸின்ர அழுத்தம் அளவுக்கு மிஞ்சிப் போக சுவிட்ச் வெட்டி கொம்பிரசரைக் காப்பாத்துது, கொம்பிரசர் செத்தது எண்டு அதுக்கு அர்த்தமில்லை. வேற பிராண்டில அதே ஈ3 வேற பழுதைக் காட்டும், அதால இன்ரநெற்றில பாத்து முடிவு எடுக்காதேங்கோ எண்டும் சொன்னவர். அழுத்தம் ஏன் ஏறுதெண்டா அவுட்டோரால சூடு வெளிய போகேல்லை. தகரம் தடுக்க வெளிய தள்ளின சூட்டுக் காத்தையே திருப்பி உள்ள இழுக்குது, அதோட சோளகம் அடிக்கத் தொடங்கினா எங்கட ஒழுங்கைப் புழுதி முழுக்க அவுட்டோரில சூட்டை வெளிய விடுற கொயில்லதான் போய் அடையும், கடல் உப்புக் காத்தில அதின்ர அலுமினியத் தகடுகளும் அங்கங்க வெள்ளையாப் பூத்துப் போய்க் கிடந்தது. இந்த நிலைமையில குளிர் குறைய, அது காஸ் காணாத மாதிரித் தெரிய, மேல மேல காஸ் அடிச்சா அழுத்தம் இன்னும் ஏறும்தானே.

காஸை அவையள் சும்மா காத்தில திறந்து விடேல்லை, அதுக்கெண்டு ஒரு மெஷின் கொண்டுவந்து சிலிண்டருக்குள்ள இழுத்து தராசில வச்சு நிறுத்தவை. மெஷின்ல ஒட்டியிருக்கிற பிளேட்டில போட்ட அளவு, பைப் நீளத்துக்குச் சேக்கிறது எல்லாம் கணக்குப் பாத்தாலும் 800 கிராம் கூட இருந்தது. எங்கட மெஷின்ல இருக்கிறது ஆர்410ஏ, ரெண்டு காஸ் பாதிக்குப் பாதி கலந்தது, அதை சிலிண்டரில இருந்து திரவமாத்தான் ஏத்தவேணுமாம், ஆவியா ஏத்தினா கலவை மாறிடும். கரியமிலவாயுவை விட 2,000 மடங்குக்கு மேல சூடேத்திற சாமானெண்டும் சொன்னவர், நான் அண்டைக்குத்தான் அறிஞ்சன். பிறகு கொயிலைக் கழுவி (பிரஷர் குழாய் பிடிக்கேல்லை, தகடு மடிஞ்சிடுமாம், மெதுவா உள்ளயிருந்து வெளியாலை), வக்கியூம் பண்ணி (குழாய்க்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுக்கிறது), தராசில நிறுத்து காஸ் ஏத்தி, கொம்பிரசருக்குப் போற மூண்டு வயரிலயும் கரண்ட் அளந்து எனக்குக் காட்டினவர், மூண்டும் கிட்டத்தட்ட ஒரே கணக்கு. அதே கொம்பிரசர் இண்டைக்கும் ஓடுது. பக்கத்து வளவு அம்மாவோட கதைச்சுத் தகரத்தை ரெண்டு அடி உயத்துவிச்சதும் அவர்தான், நான் கேட்டிருந்தா சண்டையிலதான் முடிஞ்சிருக்கும்.

ஆவணியில ஏ3 எண்டு வந்தது, நல்லூர்த் திருவிழா நேரம், கடை நிறைஞ்ச சனம். அது தண்ணி அலாம். கசெட்டுக்குள்ள தண்ணியை மேல தூக்கி வெளிய விடுற சின்னப் பம்ப் பாசி அடைச்சு நிண்டு, மிதவை மேல வந்து மெஷினை நிப்பாட்டியிருக்கு, நிப்பாட்டாட்டி கூறைக்கு மேலதான் ஊத்தியிருக்கும். அரை மணித்தியால வேலை.

மாரியில நடந்ததைக் கட்டாயம் எழுதவேணும். காத்து மழைக்கு லைன் அறுந்து, மின்சார சபை வந்து சரிபண்ணி கரண்ட் வந்த பிறகு ரெண்டு ஏசியும் ஒரேயடியா யூ1. நான் பயந்துபோய் அடிக்க, மூத்தவர் வரவே இல்லை. "அக்கா, ரெண்டும் ஒரேநேரம் எண்டா மெஷின் பழுதில்லை, மூண்டு பேஸும் வரிசை மாறி வந்திருக்கும், கொம்பிரசர் மறுபக்கம் சுத்தாமல் அது தானே பூட்டிக்கொண்டு நிக்குது, உங்கட எலெக்றீசியனைக் கூப்பிட்டுக் கரண்ட் வாற இடத்தில பாக்கச் சொல்லுங்கோ" எண்டார். எங்கட எலெக்றீசியன் மெயினை நிப்பாட்டி ரெண்டு வயரை இடம் மாத்த, ரெண்டும் ஓடிச்சுது. அந்தப் போனுக்கு ஒரு சதம் வாங்கேல்லை, வந்து பாத்து ஒரு தொகை எழுதியிருந்தாலும் எனக்குத் தெரிய வராது.

குறையும் இருக்கு. ரெண்டே பேர் எண்டபடியா சித்திரை வைகாசியில மூண்டு நாள் காத்திருக்கவேணும், முதல் தரம் வாறன் எண்ட நேரத்துக்கு நாலு மணித்தியாலம் பிந்தித்தான் வந்தவை, காசு கையில குடுக்கவேணும், பில் கையெழுத்தில. ஹோட்டல், ஆஸ்பத்திரி மாதிரி ராப்பகலா ஆள் தேவையான இடத்துக்கு இவையள் காணாது. கடை, மண்டபம், டியூசன் சென்ரருக்கு நான் தயங்காமல் சொல்லுவன்.

கூப்பிட முதல் கோட்டைப் போனில படம் எடுத்து வையுங்கோ, பிரேக்கரை இறக்கி ஏத்தினா சில மெஷின்ல அது அழிஞ்சிடும், எத்தனை மணிக்கு வந்ததெண்டும் எழுதுங்கோ. நான் இப்ப கல்லாவில ஒரு கொப்பி வச்சிருக்கிறன், போனமுறை வந்த தம்பி அதைத்தான் முதல்ல கேட்டு வாங்கிப் பாத்தவர்.