கார்டினரா, குவாப்பெல்லா?

கனடாவின் சஸ்காச்சுவான் புல்வெளியில் டீஃபன்பேக்கர் ஏரியைத் தேக்கி வைத்திருப்பவை கார்டினர், குவாப்பெல் என்ற இரண்டு மண் அணைகள். பார்க்கப் போவதென்றால் எதற்குப் போவது? 1967இல் திறக்கப்பட்ட கார்டினர் அணை 64 மீட்டர் உயரம், 5 கிலோமீட்டர் நீளம். அடியில் இருப்பது வலுவற்ற களிப்பாறை. அதனால் அணையின் சரிவை வெகுதூரம் படரவிட்டிருக்கிறார்கள். மேலே நின்று பார்த்தால் அணையென்றே தோன்றாது. மின்சாரம் தயாரிப்பதும் இங்கேதான். (அணைக்குப் பெயர் தந்த கார்டினர் லிபரல் கட்சி, ஏரிக்குப் பெயர் தந்த டீஃபன்பேக்கர் கன்சர்வேட்டிவ் கட்சி, அரசியலில் எதிரும் புதிருமானவர்கள்!)

குவாப்பெல் அணை 27 மீட்டர்தான். ஆனால் ரெஜைனா, மூஸ் ஜா நகரங்களின் குடிநீருக்கு ஆதாரமான பஃபலோ பவுண்ட் ஏரிக்கு இதன் வழியாகத்தான் தண்ணீர் போகிறது.

பொறியியல் பிரமாண்டம் பார்க்கக் கார்டினருக்குப் போங்கள். குழந்தைகளுடன் மணற்குன்று ஏற வேண்டுமா? டக்ளஸ் பூங்கா இருக்கும் குவாப்பெல் பக்கம்தான் சரி.